ஆறுக்குப் பதில் ஏழு

பொம்மனஹள்ளி, நாலாவது மாடி, இரவு ஷிஃப்ட்.
அமெரிக்க வக்கீல்களின் குத்தகைப் பத்திரங்களுக்கு
இங்கே உட்கார்ந்து பத்தி பிரிக்கிறோம், எண் போடுகிறோம்.
ஒவ்வொரு பிரிவுக்கு முன்னாலும் § வர வேண்டும்.
ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கொக்கி மாட்டிக்கொண்ட
இரண்டு புழுக்கள் மாதிரி இருக்கும்.
எந்த விசையின் தலையிலும் அதை அச்சடித்திருக்கவில்லை.

இடது பெருவிரல் ஆல்ட்டை அழுத்திக்கொண்டிருக்க
வலது கை எண் கட்டத்தில்
பூஜ்யம், ஒன்று, ஆறு, ஏழு.
அழுத்தியிருக்கும்வரை திரையில் ஒன்றும் நடக்காது.
கர்சர் மட்டும் கண்சிமிட்டும்.
பெருவிரலை எடுத்தால்தான் குறி வந்து விழும்.
ஒரு ராத்திரிக்கு முந்நூறு தடவை எடுக்கிறேன்.

அம்மாவின் போன் நம்பர் மனப்பாடம் இல்லை.
பாகைக் குறி 0176, காப்புரிமை 0169,
ரெனே என்கிற கட்சிக்காரரின் கடைசி எழுத்துக்குமேல்
சாய்ந்து விழும் கோட்டுக்கு 0233.
ஆபீஸ் பஸ்ஸில் தூங்கும்போதும்
விரல் தொடையில் அடித்துக்கொண்டே வருகிறது,
சில்க் போர்டில் வண்டி நகராத முக்கால் மணி நேரமும்.

செவ்வாய்க்கிழமை ஒஹாயோவிலிருந்து மெயில்.
'வாடகைக்காரர் ± 14.2-இன்படி
காலி செய்ய வேண்டும் என்றிருக்கிறதே.
கூடக்குறையக் காலி செய்வாரா?'

0177.
ஆறு வரவேண்டிய இடத்தில் ஏழு.

சுப்ரீத் விளக்கம் எழுதித் தரச் சொன்னான்.
கை தவறிவிட்டது என்று ஆரம்பித்தேன்.
பிறகு விசைப்பலகையைப் பார்த்தேன்.
ஆறு வலது ஓரத்தில், நடு வரிசை.
ஏழு இடது ஓரத்தில், மேல் வரிசை.
தவறிப் போகிற தூரமில்லை அது.
கிளம்பித்தான் போயிருக்க வேண்டும்.

அழித்துவிட்டுக் களைப்பு என்று எழுதினேன்.
களைப்பு இங்கே செல்லுபடியாகும்.

திங்கள் இரவைப் பற்றி அதில் எழுதவில்லை.
கீழே டீக்கடையில் அனிந்த்யா சொன்னான்:
புனேவில் வேலை உறுதியாகிவிட்டது,
வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும்,
ஒரு அறையா, இரண்டு அறையா
என்பது நீ வருவதைப் பொறுத்தது.
மேபி என்றேன்.
இரண்டு டீக்கும் நானே காசு கொடுத்தேன்.
அவனுடைய கப்பில் பாதி அப்படியே ஆடை கட்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை, விடியற்காலை மூன்றரை.
சாட்டில் கேட்டான்: முடிவு?
ஃபைன் என்று ஆங்கிலத்தில் அடிக்கப்போனேன்.
சற்று முன் அக்காவுக்கு எழுதியதில்
விசைப்பலகை தமிழிலேயே நின்றுவிட்டது எனக்குத் தெரியாது.
எஃப்-ஐத் தட்டியதும்

ஃ

என்று வந்து உட்கார்ந்தது,
முன்னே ஒரு குறிலில்லை, பின்னே ஒரு வல்லினமில்லை.
அழிக்கத்தான் விரல் போனது.
போன விரல் அனுப்பிவிட்டது.

அவன் கணக்குப் படித்தவன்.
உடனே பதில் வந்தது:
'ஆகவே? ஆகவே என்ன?'
அவன் பாடத்தில் அப்படித்தானாம்,
மேலே ஒன்று கீழே இரண்டென்று புள்ளி வைத்தால்
அடுத்த வரியில் விடை வந்தாக வேண்டும்.

எட்டாம் வகுப்பில் நான் படித்த இலக்கணத்தில்
இதற்குத் தனிநிலை என்று இன்னொரு பேர்.
அதை எப்படி அவனுக்கு ஆங்கிலத்தில் சொல்வது?

திரையின் அடியில், அவன் தட்டுவதைக் காட்டும்
மூன்று புள்ளிகள் துள்ளின.
நின்றன.
மறுபடி துள்ளின.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தேன்.
இன்னும் பதினேழு பிரிவு பாக்கி.
ஆல்ட்டின்மேல் வைத்த பெருவிரலை
எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.